மானுக்கு ஒரு வெள்ளாமை

"ஏஞ்சாமி, மானுக்கா வெதைக்கற?" என்று அப்பா போனில் இரண்டு தடவை கேட்டார். கேட்கத்தான் செய்வார். சத்தியமங்கலம் காட்டோரம் கடலை போட்டுவிட்டு, பன்றிக்கும் மானுக்கும் பயந்து பரண்மேல் டார்ச்சும் தகர டப்பாவுமாக எத்தனையோ ராத்திரி விழித்திருந்த மனுஷன். அவர் மகன் வட பென்சில்வேனியாவில் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற அரை ஏக்கரை உழுது, மான் வந்து மேயட்டும் என்று விதைக்கிறான்.

இங்கே இது சாதாரணம். நிலம் வைத்திருக்கிறவர்கள், முக்கியமாக வேட்டைக்காரர்கள், வெண்வால் மானுக்கென்றே பயிர் போடுவார்கள். நான் துப்பாக்கி தொட்டதில்லை, ஆனால் பக்கத்து நிலத்துப் பெரியவர் ஒரு ஏப்ரலில் கூட்டிப் போய்க் காட்டினார்: பனிக்காலம் முழுக்கக் குச்சியும் மொட்டும் கடித்துவிட்டு மான்கள் விலா எலும்பு தெரிய நின்றன. மே கடைசி, ஜூனில் குட்டி போடும், கிடாய்க்குக் கொம்பு முளைப்பதும் அந்த வசந்தத்தில்தான். புரதம் அதிகம் வேண்டிய அந்தச் சமயத்தில் முதலில் பச்சை கட்டுகிறவற்றில் வெள்ளை க்ளோவர் என்கிற பயறு இனத்துத் தீவனச் செடியும் ஒன்று. ஒருமுறை பிடித்துக்கொண்டால் மூன்று நாலு வருஷம் தானே தழைக்கும். மக்காச்சோளத்தைக் குவித்து வைத்தால் போதாதா என்றால், கூடாது. மான்கள் ஒரே இடத்தில் வாய் வைத்தால் சிடபிள்யூடி என்கிற மூளை நோய் பரவும், 2012ல் இந்த மாநிலத்திலும் கண்டுபிடித்தார்கள், நோய் இருக்கிற வட்டாரங்களில் தீனி வைக்கவே தடை. பயிர் போடுவதற்கு அந்தத் தடை இல்லை.

முதல் வருஷம் நான் செய்தது விவசாயி மகன் செய்கிற வேலையே இல்லை. மண் பரிசோதனை பண்ணாமல், பெரிய கொம்பு படம் போட்ட பை ஒன்றை நிறையக் காசு கொடுத்து வாங்கித் தூவினேன், புல்தான் வந்தது. அப்புறம்தான் மண்ணை அனுப்பினேன். கார அமில நிலை 5.2 என்று வந்தது. க்ளோவருக்கு ஆறுக்கு மேல் வேண்டும். அரை ஏக்கருக்கு ஒரு டன் சுண்ணாம்பு, அதாவது 40 பவுண்டு மூட்டை ஐம்பது, முதுகு போய்விட்டது. சுண்ணாம்பு வேலை செய்ய மாதக்கணக்கில் ஆகும் என்பதால் இலையுதிர் காலத்திலேயே போட்டு மண்ணில் கலந்துவிட வேண்டும். உரத்தில் மணிச்சத்தும் சாம்பல் சத்தும் போதும், தழைச்சத்து போட்டால் புல்லுக்குத்தான் கொண்டாட்டம்.

விதைப்பு மார்ச்சில். ராத்திரி மண் உறைந்து தேன்கூடு மாதிரி வெடிக்கும், பகலில் இளகி மூடும், கடுகைவிடப் பொடியான விதையை அந்த வெடிப்பே விழுங்கிக்கொள்ளும். மூட வேண்டியதில்லை. பையில் கொம்பு படம் இல்லாத மேய்ச்சல் விதையே நாலு பவுண்டு வாங்கினேன், விலையும் குறைவு. விதை நேர்த்திக்கு மட்டும் அப்பா சொன்னபடி ஆறின அரிசிக் கஞ்சியில் ரைசோபியத்தை, அதாவது காற்றிலிருக்கும் தழைச்சத்தை வேரில் பிடித்துக் கொடுக்கிற நுண்ணுயிரைக் கரைத்து, விதையைப் புரட்டி, கராஜில் நிழலில் உலர்த்தினேன். பெரியவர் வந்து மோந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஜூலையில் ஒரு செடியைப் பிடுங்கி வேரைக் காட்டினேன், குண்டூசித் தலை அளவு முடிச்சுகள், நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு. தழைச்சத்து பிடிக்க ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அப்போதுதான் தலையாட்டினார்.

சிக்கரியை ஏப்ரல் கடைசியில் தூவினேன். நம் டிகிரி காபியில் கலக்கிறார்களே, அதே சிக்கரிதான், இந்த ரகம் இலைக்காக. ஆணிவேர் என்பதால் ஆகஸ்ட் வறட்சியில் க்ளோவர் வாடினாலும் இது நிற்கும். குதிரைமசாலும் யோசித்தேன், என் ஈர மண்ணுக்கு ஒத்துவராது என்று விட்டுவிட்டேன்.

கட்டாயம் செய்ய வேண்டிய ஒன்று: நடுவில் மூன்றடி அகலத்துக்குக் கம்பி வலையை வளைத்து ஒரு கூண்டு நடுங்கள். ஜூனில் என் கூண்டுக்குள் க்ளோவர் முழங்கால் உயரம், வெளியே நாலு விரல். கூண்டு இல்லையென்றால் பயிர் வரவில்லை என்றே நினைத்திருப்பேன். களை பூத்து விதை கட்டும் முன் கோடையில் இரண்டு தடவை, ஆறேழு அங்குலம் விட்டு வெட்டிவிடுவேன், வறட்சியில் மட்டும் வெட்டுவதில்லை.

இதையெல்லாம் போட்டால் வாசலில் அழகுக்கு வைத்திருக்கிற ஹோஸ்டா செடியை மான் விட்டுவிடும் என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தேன். விடவில்லை. அதையும் தின்றுவிட்டு இதற்கு வருகிறது.

இது நாலாவது வருஷம். வடக்கு ஓரத்தில் புல் ஏறிவிட்டது, ஆகஸ்டில் அந்தப் பட்டையை மட்டும் உழுது ஓட்ஸ் போட்டுப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். அப்பா எள்ளு போடச் சொல்கிறார்.