கிபால்சிச் வரைந்த கடைசிப் படம்

இரண்டு நாளாக ரஷ்யப் புரட்சிக்காரர் நிக்கொலாய் கிபால்சிச் மனதை விட்டுப் போகவில்லை. ஒரு விவசாயிக்குத் தடைசெய்த நூலைக் கொடுத்தார் என்று 1875இல் பிடித்து, ஏறக்குறைய மூன்று ஆண்டு உள்ளே வைத்தார்கள். கடைசியில் தீர்ப்பு? ஒரே மாதம் சிறை! அப்புறம்தான் அவர் வெடிகுண்டு பக்கம் போனார். 1881இல் ஜார் இரண்டாம் அலெக்சாந்தரைக் கொன்றது அவர் செய்த குண்டு. கொலையை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் தூக்குக்குக் காத்திருந்த அந்த 27 வயதுக்காரர் சிறையில் வரைந்தது, மனிதன் ஏறிப் பறக்கும் ராக்கெட். நடுவில் துளையிட்ட மேடை, மேலே உருளை, அதற்குள் ஒன்றன்பின் ஒன்றாக எரியும் வெடிமருந்துக் கட்டிகள். கருணை மனு போடவில்லை. நிபுணர்களிடம் காட்டுங்கள் என்று மட்டும் கேட்டார். காட்டவில்லை. போலீஸ் கோப்பிலிருந்து அந்தத் தாள் அச்சுக்கு வந்தது 1918இல்.