ஏழு கிளியோபாட்ரா, ஒரு தெர்மோகோல் அட்டை

எகிப்தை ஆண்ட தாலமி வம்சத்துக்கு ஒரு வம்சாவளிப் படம் போடலாம் என்று போன மாதம் உட்கார்ந்தேன். முதலாம் தாலமி அரசனான கி.மு. 305 முதல் ஏழாம் கிளியோபாட்ரா இறந்த கி.மு. 30 வரை. 275 வருடம்தானே, ஒரு சார்ட் பேப்பர் போதும் என்று நினைத்தேன்.

ஐந்தாம் தாலமி வரை சிக்கலில்லை. இவ்வம்சத்தின் முதல் கிளியோபாட்ராவே வெளியிலிருந்து வந்த மருமகள்தான்; சிரியாவை ஆண்ட மூன்றாம் அந்தியோக்கஸின் மகள், கி.மு. 193-இல் ஐந்தாம் தாலமியுடன் கல்யாணம். இவர்களுடைய பிள்ளைகளிடம் வந்ததும் பென்சில் நின்றுவிட்டது.

இரண்டாம் கிளியோபாட்ரா முதலில் தன் அண்ணன் ஆறாம் தாலமியை மணந்தாள். அவன் இறந்ததும் இன்னொரு சகோதரன் எட்டாம் தாலமியை. அந்த எட்டாமவன், முதல் கல்யாணத்தில் அவளுக்குப் பிறந்த மூன்றாம் கிளியோபாட்ராவையும் கட்டிக்கொண்டான். தாய்மாமனைக் கட்டுவது நமக்கொன்றும் புதிதில்லை. ஆனால் அப்பாவும் அம்மாவும் உடன்பிறந்தவர்கள் என்பதால் தாய்மாமனே அவளுக்குச் சித்தப்பா. அம்மாவின் இரண்டாவது கணவனும் அவனே. மூன்று கோடும் ஒரே கட்டத்தில் போய் முட்டின. ரப்பர் போட்டுப் போட்டு சார்ட் கிழிந்தது.

அப்புறம் தெர்மோகோல் அட்டைக்கு மாறினேன். ஆளுக்கொரு சீட்டு, குண்டூசி. கல்யாணத்துக்குச் சிவப்பு நூல், பிறப்புக்கு நீலம். கோடுகள் தெளிந்தன, பெயர்கள் தெளியவில்லை. ஐந்தாம், ஆறாம் கிளியோபாட்ரா ஒரே ஆள்தான் என்போரும் இருப்பதால் அந்த இரண்டு சீட்டையும் பென்சிலில் எழுதி வைத்திருக்கிறேன்.

இந்த எண்களெல்லாம் பிற்கால ஆய்வாளர்கள் போட்டவை. அப்படியானால் அந்தக் காலத்தில் எப்படிப் பிரித்துச் சொன்னார்கள்? அரசாங்க ஆவணங்களில் அம்மா ‘சகோதரியான கிளியோபாட்ரா’, மகள் ‘மனைவியான கிளியோபாட்ரா’. ஊர் ஜனம் இன்னும் சுலபமாகச் செய்தது: எட்டாமவன் தொப்பையன், ஒன்பதாமவன் கொண்டைக்கடலை, பன்னிரண்டாமவன் குழலூதி. எண்களை அடித்துவிட்டுச் சீட்டுகளில் இவற்றை எழுதினேன். இப்போது பார்த்த மாத்திரத்தில் ஆள் தெரிகிறது.

மூன்றாமவளின் அக்காள் கிளியோபாட்ரா தியா மட்டும் பாக்கி. சிரியாவில் வரிசையாக மூன்று அரசர்களை மணந்தவள். அந்தப் பக்கம் போனால் அந்தியோக்கஸ் மட்டுமே பதின்மூன்று பேர். சிவப்பு நூல்கண்டு வேறு தீர்ந்துவிட்டது.