அப்பா பெயரில் இருந்த வண்டிக்கு கம்பெனி பார்க்கிங் பாஸ் வாங்கிய கதை

வேலையில் சேர்ந்த அன்றே பார்க்கிங் பாஸ் கையில் வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஐடி கார்டு வந்துவிடும், கேண்டீன் கார்டு வந்துவிடும், பாஸ் மட்டும் வராது. அதற்கு கம்பெனிக்குள் நடக்கிற வேலை ஒரு கால் மணி நேரம்தான், மீதி எல்லாம் வண்டிப் புத்தகத்தோடு வெளியே அலைகிற வேலை. அதிலும் வண்டி உங்கள் பெயரில் இல்லை என்றால் கேட்கவே வேண்டாம்.

காரைக்குடிப் பக்கம் ஒரு பெரிய தொழிற்சாலை, பெயர் வேண்டாம், மூன்று ஷிப்டு ஓடுகிறது. நான் தேவகோட்டையிலிருந்து போய் வருகிறேன். பகலில் பஸ்ஸுக்குக் குறைவில்லை, ஆனால் ராத்திரி பத்து மணிக்கு பி ஷிப்டு முடிந்து வெளியே வந்தால் ரோட்டில் நின்று போகிற வண்டிக்கெல்லாம் கையைக் காட்ட வேண்டியதுதான். அதனால் பைக் கட்டாயம். வீட்டில் இருந்தது அப்பாவின் ஸ்பிளெண்டர், 2013 மாடல். அப்பா தை மாதம் தவறிவிட்டார். நான் வேலைக்குச் சேர்ந்தது அதற்கு அடுத்த மாதம்.

வருகைப் பதிவு பார்க்கிற டைம் ஆபீஸில் ஒரு விண்ணப்பத்தாள் கொடுத்தார்கள். ஆர்.சி., லைசென்ஸ், இன்சூரன்ஸ், புகைச் சான்று, நாலுக்கும் ஜெராக்ஸ் வைத்து செக்யூரிட்டி ஆபீஸில் கொடுக்க வேண்டும். டிஜிலாக்கரில் காட்டினால் போலீஸே ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று மத்திய அரசு 2018-லேயே சொல்லியாகிவிட்டது, எங்கள் கேட்டில் இன்னும் ஜெராக்ஸ்தான் ராஜா. செக்யூரிட்டி ஆபீஸில் இருக்கிற சூப்பர்வைசர் மிலிட்டரியில் இருந்து வந்தவர். ஒவ்வொரு தாளையும் விரலை வைத்து வரி வரியாகப் படிப்பார்.

"தம்பி, வண்டி உங்க பேர்ல இல்லையே."

"அப்பா வண்டி சார்."

"அப்ப அவர்கிட்ட ஒரு சம்மதக் கடிதம் வாங்கிட்டு வாங்க, ரேஷன் கார்டு ஜெராக்ஸோட."

"அவர் இறந்துட்டார் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், பிறகு தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். உயிரோடு இருக்கிற அப்பா, அண்ணன், மாமனார் பெயரில் வண்டி இருந்தால் ஒரு கடிதத்தோடு வேலை முடிந்துவிடும். இறந்தவர் பெயரில் இருந்தால் யாரிடம் கடிதம் வாங்குவது என்று அவருடைய ரூல்ஸ் நோட்டில் இல்லை. கோபமாகத்தான் இருந்தது. ஆனால் ஷெட்டின் கடைசி வரிசையில் டயர் இறங்கி, சீட்டில் செம்மண் தூசி படிந்து, யாருடையது என்றே தெரியாமல் சில வண்டிகள் நிற்பதைப் பார்த்த பிறகு அவர் கேட்பதிலும் நியாயம் இருப்பது புரிந்தது. அதையெல்லாம் யாரைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்வது?

அதுவரை வண்டியை கேட்டுக்கு எதிரே டீக்கடைப் பக்கம் புளியமரத்தடியில் போட்டு வைத்தேன். தினம் பத்து ரூபாய். நிழல் உண்டு, காக்கை எச்சமும் உண்டு.

வழி சொன்னவர் எங்கள் தெருவில் இருக்கிற இன்சூரன்ஸ் ஏஜெண்ட் அண்ணன். பாலிசி யார் பெயரில் இருக்கிறதோ அவர் இறந்துவிட்டால் அந்த பாலிசி மூன்று மாதம் வரைக்கும், இல்லை முடிகிற தேதி வரைக்கும், இதில் எது முதலில் வருகிறதோ அதுவரை வாரிசுகளுக்குச் செல்லுபடியாகும் என்றார். கூடவே இன்னொன்றும் சொன்னார், அதுதான் என்னைக் காப்பாற்றியது. 1989ஆம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளில் 56ஆம் விதி என்று ஒன்று இருக்கிறது. வண்டிச் சொந்தக்காரர் இறந்த 30 நாளுக்குள், இன்னார் இறந்துவிட்டார், வண்டியை நான் வைத்து ஓட்டப் போகிறேன் என்று ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு எழுதிக் கொடுத்துவிட்டால், மூன்று மாதம் வரை அந்த வண்டியை நம் பெயருக்கு மாறியது போலவே ஓட்டலாம். அந்த மூன்று மாதத்துக்குள் 31ஆம் படிவத்தில் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

30 நாள் முடிய இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது. ஒரு வெள்ளைத்தாளில் கடிதம், இறப்புச் சான்று ஜெராக்ஸ், ஆர்.சி. ஜெராக்ஸ், அவ்வளவுதான். கொடுத்ததற்கு இன்னொரு காப்பியில் சீல் போட்டு வாங்கிக்கொண்டேன். இந்த சீலை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஏனென்றால் அந்தத் தாளைக் கொண்டுபோய் சூப்பர்வைசரிடம் நீட்டியதும், ஆர்.டி.ஓ. ஆபீஸ் சீலைப் பார்த்ததும், அவர் குரலே மாறிவிட்டது. டைம் ஆபீஸுக்கு ஒரு போன் போட்டார், மூன்று மாதத்துக்குத் தற்காலிக பாஸ் எழுதிக் கொடுத்தார். மஞ்சள் அட்டை, டேங்க் கவரில் சொருகிக்கொள்ள வேண்டும்.

அடுத்து நிரந்தரப் பெயர் மாற்றம். இதில் நேரம் தின்பது ஆர்.டி.ஓ. ஆபீஸ் இல்லை, வாரிசுச் சான்றிதழ்தான். இ-சேவை மையத்தில் பதிவு செய்தால் வி.ஏ.ஓ., ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்), தாசில்தார் என்று வரிசையாகப் போகும். வி.ஏ.ஓ. நேரில் வந்து பக்கத்து வீட்டில் விசாரித்துவிட்டுப் போனார். எங்களுக்கு இழுத்தது முன்னெழுத்து, அதாவது இனிஷியல். எங்கள் பக்கம் சிலருக்குப் பெயருக்கு முன்னால் ரயில் பெட்டி மாதிரி இரண்டு மூன்று வரும் இல்லையா, அப்பாவுக்கு ஆர்.சி.யில் ஒரு எழுத்து, ஆதாரில் இரண்டு, இறப்புச் சான்றில் தாத்தா பெயர் முழுசாக. மூன்றும் ஒரே ஆள்தான் என்று ஒரு உறுதிமொழிப் பத்திரம் எழுத வேண்டி வந்தது. அதையும், வண்டியை எனக்கு மாற்றுவதில் அம்மாவுக்கும் அக்காவுக்கும் ஆட்சேபணை இல்லை என்பதையும் ஒரே நாளில் கோர்ட்டு வாசலில் டைப் அடித்து, நோட்டரியிடம் கையெழுத்து வாங்கிவிட்டோம். அக்கா பொன்னமராவதியிலிருந்து அதற்காகவே வந்தது. "இந்த ஓட்டை வண்டிக்கு நான் பஸ் ஏறி வந்து கையெழுத்துப் போடணுமாடா" என்று கேட்டுக்கொண்டே போட்டது.

வண்டி, லைசென்ஸ் வேலைகளுக்கான மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் விண்ணப்பிக்கும்போது ஆர்.சி.யில் பதிவான மொபைல் நம்பருக்கு ஓ.டி.பி. போகும். அது அப்பாவின் நம்பர். அம்மா அந்த சிம்முக்கு ரீசார்ஜ் செய்து வைத்திருந்தார்கள், யாராவது பழைய ஆட்கள் கூப்பிட்டால் சொல்ல வேண்டுமே என்று. அது இல்லாமல் போயிருந்தால் நம்பர் மாற்றத்துக்கு வேறு தனியாக அலைந்திருக்க வேண்டும். வீட்டில் யாராவது தவறினால் வண்டி, பேங்க், கேஸ் எல்லாம் மாறும்வரை அவர்கள் சிம்மை உயிரோடு வைத்திருங்கள்.

அப்புறம் சேசிஸ் நம்பர். அதைப் பென்சிலால் தேய்த்து எடுத்து வரச் சொன்னார்கள். ஹேண்டிலுக்குக் கீழே வண்டியின் கழுத்தில் பொறித்திருக்கும், ஆனால் இத்தனை வருட கிரீஸும் மண்ணும் சேர்ந்து மூடிக் கிடந்தது. மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, மெல்லிய தாளை வைத்து, பென்சில் முனையைச் சாய்த்துத் தேய்த்தால் எழுத்து ஒவ்வொன்றாக எழும்பி வரும். ஹேண்டிலை ஒரு பக்கம் முழுசாகத் திருப்பிக்கொண்டால்தான் கை உள்ளே போகும். அழுத்தித் தேய்த்தால் தாள் கிழியும். ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் இதைக் காசுக்குச் செய்து கொடுக்க ஆள் உண்டு, ஆனால் வீட்டில் நிதானமாகச் செய்வது நல்லது.

லோனை அடைத்த பிறகும் ஆர்.சி.யில் பேங்க் பெயர் நீக்கப்படாமல் இருந்தால், அதை நீக்க 35ஆம் படிவமும் பேங்க்கின் என்.ஓ.சி.யும் (ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்) சேரும், எனக்கு அது இல்லை. 15 வருடமும் முடியவில்லை, இல்லாவிட்டால் எஃப்.சி. (தகுதிச் சான்று), பதிவுப் புதுப்பிப்பு என்று இன்னொரு படலம் ஆரம்பித்திருக்கும். புது ஆர்.சி. வந்ததும் இன்சூரன்ஸையும் என் பெயருக்கு மாற்றி, மறுபடி நாலு ஜெராக்ஸ். சூப்பர்வைசர் மறுபடி விரலை வைத்துப் படித்தார். மஞ்சள் அட்டையை வாங்கிக்கொண்டு பச்சை ஸ்டிக்கர் கொடுத்தார்.

சரி, ஸ்டிக்கர் வந்துவிட்டது, இடம் கிடைக்குமா என்றால் அது வேறு கதை. பி ஷிப்டு ஆட்கள் ஒன்றே முக்காலுக்கு வந்துவிடுகிறோம், ஏ ஷிப்டு வண்டிகள் ரெண்டு மணி தாண்டித்தான் வெளியே போகும். அந்த அரை மணி நேரம் இரண்டு ஷிப்டு வண்டியும் உள்ளே நிற்க வேண்டும், ஷெட்டு ஒரு ஷிப்டுக்குத்தான் போட்டிருக்கிறார்கள். அதனால் சைடு லாக் போடாதீர்கள் என்று செக்யூரிட்டி கத்திக்கொண்டே இருப்பார், அவர் பின் சக்கரத்தைத் தூக்கி நகர்த்தி நகர்த்தி வழி விட வேண்டும். சைடு லாக் போடாமல் வைக்க நமக்கு மனசு வராது. அவரோடு சண்டை போடுவதில் அர்த்தம் இல்லை, அவருக்கு முதுகு வலி.

ஆனால் எதிரே ஆபீசர்கள் கார் நிற்கிற கூரைப் பகுதியில் பாதி எப்போதும் காலி. தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகளில் ஒரு காருக்கு இரண்டரை மீட்டருக்கு ஐந்து மீட்டர், ஒரு டூவீலருக்கு ஒரு மீட்டருக்கு 1.8 மீட்டர் என்று கணக்கு. பரப்பளவை மட்டும் பார்த்தால் ஒரு கார் நிற்கிற இடத்தில் கிட்டத்தட்ட ஏழு பைக். இதை யூனியன் அண்ணன் ஒருவரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, பழைய 1948 தொழிற்சாலைச் சட்டத்திலேயே 250 பேருக்கு மேல் இருந்தால் கேண்டீன் கேட்கலாம், 150 பேருக்கு மேல் இருந்தால் ஓய்வறை கேட்கலாம், பார்க்கிங் என்று ஒரு வார்த்தை கிடையாது தம்பி, இதெல்லாம் பேசித்தான் வாங்கணும் என்றார். பேசியும் இருக்கிறார்கள். காலியாகக் கிடக்கிற கார் வரிசையில் இரண்டை பி ஷிப்டு பைக்குகளுக்கு மதியம் மட்டும் திறந்துவிட்டிருக்கிறார்கள், ஏ ஷிப்டு வெளியேறியதும் நாம் வண்டியை எடுத்து ஷெட்டுக்குள் மாற்றிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. எவனும் மாற்றுவதில்லை.

புதிதாக எடுக்கப் போகிறவர்களுக்கு ஒன்று. பாஸில் முடிகிற தேதியாக இன்சூரன்ஸ் முடிகிற தேதியைத்தான் போடுகிறார்கள், புகைச் சான்றை அதற்கு இடையில் எப்போது வேண்டுமானாலும் கேட்பார்கள். என்னுடையது மாதிரி பழைய வண்டிக்கு அது ஆறு மாதம்தான் செல்லும்.