வராதவர்களின் கணக்கு

ஜூன் 3

மாத அறிக்கை அனுப்பியாயிற்று. ஊசி போட்டவர்கள், எடை பார்த்தவர்கள், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியவர்கள் என எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. நோய் வராமலே போனவர்களுக்கு மட்டும் கட்டம் கிடையாது. இத்தனை வருடம் நர்ஸ் வேலை பார்த்தும் இன்றுதான் அது உறைத்தது. நேற்று இரவு படிக்க ஆரம்பித்த டாக்டர் சாரா ஜோசபின் பேக்கரின் கதைதான் காரணம். நூறு வருடத்துக்கு முந்தைய நியூயார்க். நகரச் சுகாதாரத் துறையில் அவர் செய்த வேலையெல்லாம் கட்டத்துக்குள் அடங்காத வேலை.

ஜூன் 4

பதினாறு வயதில் அப்பாவை டைபாய்டுக்குப் பறிகொடுத்தார். டாக்டராவேன் என்று பிடிவாதம் பிடித்து 1898-இல் பட்டம் வாங்கினார். படிக்கும்போது ஒரு பாடத்தில் தோற்றுப்போனதுதான் வேடிக்கை: நோயில்லாத, சாதாரணக் குழந்தையைப் பற்றிய பாடம்! ரோஷத்தில் திரும்ப ஊன்றிப் படித்தார். கடைசியில் அதுவே அவருடைய வாழ்க்கை வேலையாயிற்று.

சொந்தமாக வைத்தியம் பார்த்த முதல் வருடத்தில் கிடைத்தது மொத்தம் 185 டாலர். வயிற்றைக் கழுவ வேண்டுமே, 1901-இல் மாதம் 30 டாலருக்கு நகரச் சுகாதாரத் துறையில் இன்ஸ்பெக்டர் வேலையில் சேர்ந்தார். லட்சியத்துக்காக அல்ல, காசுக்காக. இதை அவர் மறைக்காதது எனக்குப் பிடித்திருக்கிறது.

ஜூன் 6

தனக்கு நோய் தெரியாமலே டைபாய்டு கிருமியைச் சுமந்து, சமைத்துப் போட்ட வீடுகளில் பரப்பிய 'டைபாய்டு மேரி' என்ற சமையற்காரியை 1907-இல் பிடிக்கப் போனதும் இவர்தான். போலீசைக் கண்டதும் மேரி ஓடி ஒளிந்துகொண்டாள். கதவிடுக்கில் மாட்டிக்கொண்ட துணி காட்டிக்கொடுத்தது. ஆம்புலன்ஸில் அவள் திமிறாமல் இருக்க, ஆஸ்பத்திரி வரும்வரை டாக்டரம்மா அவள்மேல் ஏறி உட்கார்ந்தே வந்தாராம். சிரிப்பு வந்தது. அப்புறம் மேரியை நினைத்துச் சங்கடமாகவும் இருந்தது. தனக்கு ஒரு நோயும் இல்லை என்றுதானே அவள் கடைசிவரை நம்பினாள்.

ஜூன் 7

இன்று படித்ததை விரிவாக எழுதி வைக்க வேண்டும்.

1908 கோடை. நியூயார்க்கில் ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த லோயர் ஈஸ்ட் சைடு பகுதியில் காற்றும் வெளிச்சமும் இல்லாத அடுக்கு வீடுகள். வெயில் ஏறினால் பால் கெடும், கைக்குழந்தைகள் வயிற்றுப்போக்கில் கொத்துக் கொத்தாகச் சாகும். வருடா வருடம் அப்படித்தான். நோய் வந்தபின் ஓடுவதில் பலனில்லை என்று அந்தப் படிகளில் ஏறி இறங்கியே பேக்கர் புரிந்துகொண்டிருந்தார். பள்ளி விடுமுறையில் சும்மா இருந்த 30 நர்சுகளைக் கேட்டு வாங்கினார். பிறப்புப் பதிவேட்டிலிருந்து புதிதாகப் பிறந்த குழந்தைகளின் முகவரி தினமும் அவர்கள் கைக்கு வரும். குழந்தை நன்றாக இருக்கும்போதே வீட்டுக்குப் போய்விடுவார்கள். சொன்னதெல்லாம் சின்ன விஷயங்கள்: தாய்ப்பால் கொடு, ஜன்னலைத் திற, குளிப்பாட்டு, வெயில் காலத்தில் துணியைச் சுற்றாதே.

முந்தைய கோடையைவிட அந்தப் பகுதியில் 1,200 சாவுகள் குறைந்ததாக அவரே எழுதியிருக்கிறார். நகரத்தின் மற்ற இடங்களில் பழைய கதைதான்.

மருந்தே இல்லை! நாங்கள் வீடு வீடாகப் போய்ப் பேசுவதை "சும்மா சுற்றுவது" என்று ஒரு மேலதிகாரி ஒருமுறை சொன்னார். அவரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டியிருக்கலாம்.

ஜூன் 8

அதே வருடம் குழந்தை நலத்துக்கென்று தனிப் பிரிவு தொடங்கி அவரையே தலைவராக்கினார்கள். பெண்ணுக்குக் கீழே வேலை பார்ப்பதா என்று ஆறு ஆண் டாக்டர்கள் மொத்தமாக ராஜினாமா செய்தார்கள். கோபப்படவில்லை, ஒரு மாதம் பார்த்துவிட்டுப் போங்கள் என்றார். யாரும் போகவில்லை.

தொற்றால் பார்வை போகாமலிருக்க அந்தக் காலத்தில் பிறந்த குழந்தையின் கண்ணில் விட்ட சில்வர் நைட்ரேட் மருந்தைப் பாட்டிலில் வைத்தால், தண்ணீர் ஆவியாகிக் கரைசல் கெட்டியாகிவிடும், கண்ணையே பொசுக்கும். இவர் அதைத் தேன்மெழுகுக் குப்பியில் அடைத்தார், ஒரு கண்ணுக்கு ஒரு குப்பி. சரியான கைவேலைக்காரப் புத்தி.

ஜூன் 10

புரூக்ளின் டாக்டர்கள் முப்பது பேருக்கு மேல் சேர்ந்து மேயருக்கு மனுப் போட்டார்கள். இந்தப் பிரிவை மூட வேண்டுமாம். ஏன்? குழந்தைகளை நோயில்லாமல் வைத்துத் தங்கள் தொழிலைக் கெடுக்கிறதாம்! இதைவிட நல்ல சான்றிதழ் எந்த அறிக்கையிலும் வராது.

ஜூன் 11

முதல் உலகப் போர் சமயம். அமெரிக்காவில் குழந்தையாகப் பிறப்பதைவிடப் பிரான்ஸின் பதுங்குகுழியில் சிப்பாயாக இருப்பது ஆறு மடங்கு பாதுகாப்பானது என்று ஒரு நிருபரிடம் போட்டு உடைத்தார். ஊரே அதைப் பேசியது. பொதுச் சுகாதாரத்தில் டாக்டர் பட்டம் வாங்கியது 1917-இல்தான். பாடம் நடத்தக் கூப்பிட்ட பல்கலைக்கழகம், மாணவியாகச் சேர்த்துக்கொள்ள முதலில் மறுத்ததாம். 1923-இல் ஓய்வு பெற்றார்.

ஜூலை 2

மீண்டும் மாத அறிக்கை. குறிப்பு என்ற கட்டத்தில் எப்போதும் ஒரு கோடு போடுவேன். இந்த முறை, "வயிற்றுப்போக்கு என்று ஒரு குழந்தைகூட வரவில்லை" என்று எழுதி அனுப்பினேன். மத்தியானமே அலுவலகத்திலிருந்து போன்: "வராததை ஏன் சிஸ்டர் எழுதியிருக்கீங்க?"