வாடகை வீட்டுக் கொல்லையில் ஒரு கல் தோட்டம்

பெங்களூரு ராமமூர்த்தி நகரில் நாங்கள் குடியிருப்பது பழைய தனி வீடு. மாடி கிடையாது. பின்னால் பதினைந்தடி அகலத்துக்கு வெறும் மண் தரை. இந்த ஊரில் வாடகைக்கு இப்படி ஒரு கொல்லையோடு வீடு கிடைப்பது அபூர்வம். கீரை, தக்காளி, ரோஜா என்று வைத்திருந்தோம், நன்றாகவே வந்துகொண்டிருந்தது. 2024 மார்ச்சில் தண்ணீர்ப் பஞ்சம் வந்ததும் எல்லாம் மாறிவிட்டது. குடிநீரைத் தோட்டத்துக்கோ வண்டி கழுவவோ பயன்படுத்தினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. எங்கள் தெருவில் போர்வெல் தண்ணீரும் இறங்கிப்போனது. டேங்கர் வரும் நாள் பார்த்துத் துணி துவைத்த வீட்டில் ரோஜாவுக்கு எங்கே தண்ணீர் ஊற்றுவது?

மண்ணை அப்படியே விட்டாலும் சும்மா கிடக்காது. ஒரு மழை பெய்தால் கோரையும் காங்கிரஸ் புல் எனும் பார்த்தீனியமும் இடுப்பு உயரம் வந்துவிடும். அதனால் தண்ணீர் அதிகம் கேட்காத, தினமும் ஆள் பார்க்கத் தேவையில்லாத, கற்களை அடுக்கி இடுக்குகளில் செடி வைக்கிற ஒரு கல் தோட்டம் போடலாம் என்று முடிவு செய்தோம். எங்களுக்கு நாங்களே வைத்துக்கொண்ட நிபந்தனை ஒன்றுதான்: ஒரு கரண்டி சிமெண்ட் கூடக் கூடாது. நாளைக்குக் காலி பண்ணச் சொன்னால் கல்லை எடுத்து ஓரம் வைத்து, தரையைச் சமப்படுத்திக் கொடுத்துவிட முடிய வேண்டும்.

வீட்டுக்கார ஆன்ட்டியிடம் கேட்டோம். கன்னடக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். "போடுங்கம்மா, எனக்கென்ன. ஆனா கல்லைக் குவிச்சா ஹாவு வந்து உட்காராதா? குழந்தை இருக்கிற வீடு" என்றார். நியாயமான கேள்வி. பாம்பு கல்லைத் தேடி வருவதில்லை, எலியையும் தவளையையும் தேடி வருகிறது. கல்லுக்கு அடியில் பொந்து இருந்தால் எலி குடியேறும், எலி இருந்தால் சாரைப்பாம்பு வரும், நல்லபாம்பும் வரலாம். எனவே பொந்தே இல்லாமல் மண்ணால் இறுக்கி அடைத்துத்தான் கல் வைப்போம், பக்கத்தில் விறகோ அட்டைப்பெட்டியோ சேர விடமாட்டோம் என்று சொன்னோம். சரி என்றார். கொல்லையைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, செய்யப்போவதையும் எழுதி, அவருடைய சம்மதத்தையும் எழுத்தில் வாங்கிக்கொண்டோம். பெங்களூரில் அட்வான்ஸ் என்று பல மாத வாடகையை முன்கூட்டியே கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறோம். காலி செய்யும்போது பெயிண்டுக்கென்று ஒரு மாத வாடகை பிடிப்பது இங்கே வழக்கம். தோட்டத்தைக் காட்டி இன்னொன்று பிடிக்க இடம் கொடுக்கக் கூடாது. வாய்ச்சொல்லை மட்டும் நம்பி யாரும் மண்ணைத் தோண்டாதீர்கள்.

இடத்தைத் தேர்ந்தெடுத்ததுதான் இந்த வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி. எங்கள் கொல்லை வீட்டுக்கு வடக்கே இருக்கிறது. பெங்களூரு 13 டிகிரி வடக்கில் இருப்பதால், ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதிவரை நண்பகல் சூரியன் தலைக்குச் சற்று வடக்கே நிற்கும். அப்போது கொல்லை முழுக்க வெயில். டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்துவிடும். எங்கள் வீடு கைப்பிடிச் சுவரோடு பதின்மூன்றடி உயரம், அதன் நிழல் டிசம்பர் நண்பகலில் ஏறக்குறைய பத்தடிக்கு விழும். அதாவது காம்பவுண்டு சுவரை ஒட்டிய ஐந்தடிப் பட்டைக்குத்தான் ஆண்டு முழுக்க வெயில். கற்றாழை வகைகளுக்கு அந்த ஐந்தடிதான் இடம். மே மாத வெயிலைப் பார்த்துவிட்டு வீட்டுச் சுவர் ஓரத்தில் வைத்தால் குளிர்காலத்தில் செடி வெளிறி, நீண்டு, ஒரு பக்கம் சாய்ந்துவிடும். உங்கள் கொல்லை எந்தத் திசையில் இருந்தாலும் முதலில் நிழல் எங்கே விழுகிறது என்று பாருங்கள்.

அப்புறம் தரையில் என்னென்ன இருக்கிறது என்று பார்த்தோம். ஒரு மூலையில் சம்ப் மூடி, அதற்கு எதிர்ப்பக்கம் கழிவுநீர்ச் சேம்பர். இரண்டைச் சுற்றியும் மூன்றடி காலியாக விட்டோம். சம்ப்புக்கு மேல் கல் ஏற்றினால் ஸ்லாப் தாங்காது, மண்ணைக் குவித்தால் மழையில் கரைந்து நாம் குடிக்கிற தண்ணீரில் இறங்கும். சேம்பர் அடைத்துக்கொள்ளும் நாளில் தோட்டத்தைப் பிரித்துத்தான் மூடியைத் திறக்க வேண்டும் என்றால் அது என்ன தோட்டம்? காம்பவுண்டு சுவரிலிருந்தும் அரை அடி தள்ளித்தான் ஆரம்பித்தோம். சுவர்மேல் ஈர மண் சாய்ந்து கிடந்தால் பூச்சு உதிரும், பழைய சுவர் என்றால் தள்ளியே விடும்.

பராமரிப்பு குறைவு என்பது செடியைப் பொறுத்தது என்று பலரும் நினைக்கிறார்கள். செடியைவிட மண்ணுக்கு அடியில் நாம் என்ன செய்கிறோம் என்பதுதான் அதைத் தீர்மானிக்கிறது என்று நான் உறுதியாகச் சொல்வேன். எங்களுக்கு எதிரி கோரை. மேலே வெட்டினால் போகாது. கீழே மணிமணியாகக் கிழங்கு, ஒன்றோடொன்று நூல் மாதிரி வேரால் கோத்திருக்கும். ஒன்றை இழுத்தால் நூல் அறுந்து மிச்சமெல்லாம் உள்ளேயே தங்கி, ஒவ்வொன்றும் தனியாக முளைக்கும். ஒரு அடி ஆழத்துக்குக் கொத்தி, மண்ணை மணல் சலிக்கிற சல்லடையில் சலித்து, கிழங்கைப் பொறுக்கி எடுத்தோம். பிறகு கல் வைக்காமல் அப்படியே விட்டுவிட்டோம். கோடையில் வரும் மாங்காய் மழை ஒன்று பெய்ததும் தப்பிப் பிழைத்த கிழங்குகள் பச்சை ஊசியாக எட்டிப் பார்த்தன. அவற்றையும் தோண்டி எடுத்த பிறகுதான் அடுத்த வேலை. கறுப்பு பிளாஸ்டிக் விரித்தால் போதுமே என்றார்கள். கோரையின் முளை பிளாஸ்டிக்கைக் குத்திக்கொண்டு வந்துவிடும். தண்ணீரும் கீழே இறங்காமல் தேங்கும். வேண்டவே வேண்டாம்.

கல்லுக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. பக்கத்துத் தெருவில் அபார்ட்மெண்டுக்காக ஒரு பழைய வீட்டை இடித்துக்கொண்டிருந்தார்கள். கடைக்காலில் போட்டிருந்த, அளவாக உடைத்த சைஸ் கற்களை லோடு கணக்கில் கொடுத்தார்கள். குட்டி யானை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தோம். கருங்கல் ஒரு கன அடி ஏறக்குறைய 75 கிலோ கனம், அதை மனதில் வைத்து அளவைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு பேர் தூக்க முடியாத கல் வாடகை வீட்டுக்கு வேண்டாம். கல்லில் ஒட்டியிருந்த சுண்ணாம்பையும் சிமெண்டையும் உளியால் தட்டி எடுத்தோம். அது மழையில் கரைந்து இறங்கினால் மண்ணில் காரத்தன்மை ஏறிவிடும்.

கல்லை எப்படி வைப்பது என்று பார்க்க லால்பாக் போய்வந்தோம். கெம்பேகவுடா கோபுரம் நிற்கிற அந்தப் பாறைக்கு ஏறக்குறைய 300 கோடி வயது, தேசிய நிலவியல் நினைவுச் சின்னம். எல்லோரும் மேலே ஏறி ஊரைப் பார்ப்பார்கள். நீங்கள் ஒருமுறை குனிந்து பாறையைப் பாருங்கள். வெள்ளையும் கறுப்புமாகப் பட்டை பட்டையாக ஓடும். வெடிப்புகளில் கையளவு மண் சேர்ந்திருக்கும், அந்த மண்ணில் புல்லும் சிறு செடியும் வேர் விட்டிருக்கும். சரிவில் ஓடுகிற மழைத் தண்ணீர் அந்த வெடிப்பில்தான் இறங்குகிறது. நாம் செய்ய வேண்டியதும் அதுதான். எங்கள் கடைக்கால் கற்களிலும் இதே பட்டைகள் தெரிந்தன. எல்லாக் கல்லிலும் பட்டை ஒரே திசையில் ஓடுகிற மாதிரி வைத்தால், கொண்டுவந்து கொட்டிய குவியலாகத் தெரியாது, தரையிலிருந்து எழுந்த பாறையாகத் தெரியும்.

கல் வைத்துக் கொடுத்தவர் அரூர்ப் பக்கத்து மேஸ்திரி. ஞாயிற்றுக்கிழமை உதவியாள் ஒருவரோடு வந்தார். முதலில் நான்கைந்து அங்குலத்துக்கு உடைந்த செங்கல்லும் பெரிய ஜல்லியும் பரப்பினோம், தண்ணீர் வடிய. அதன்மேல் மண் போட்டு, பெரிய கற்களைக் கீழ்வரிசையில் வைத்தார். கல்லின் அகலமான முகம் கீழே, மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள். கடப்பாரையால் நெம்பிக் கல்லைப் பின்பக்கமாக லேசாகச் சாய்த்தார். மேலே விழுகிற மழை முன்னால் வழிந்து ஓடிவிடாமல் உள்பக்கம் வேருக்குப் போக அந்தச் சாய்வு வேண்டும். ஒவ்வொரு கல்லையும் வைத்ததும் அதன்மேல் ஏறி நின்று, இரண்டு காலையும் மாற்றி மாற்றி அழுத்திப் பார்த்தார். ஒரு கல் 'டக்' என்றது. இறங்கி, அடியில் ஒரு சில்லைச் செருகி, மறுபடி ஏறினார். "அம்மி மாதிரி உட்காரணும்க்கா. இன்னிக்கு நான் ஏறுறேன், நாளைக்கு உங்க பாப்பா ஏறும்" என்றார். எனக்கு அந்தக் கவனம் மிகவும் பிடித்திருந்தது. நாள் முழுக்க அவர் அந்தப் பழக்கத்தை ஒரு கல்லுக்கும் விடவில்லை. இடுக்குகளில் மண்ணைக் கையால் போட்டுக் கம்பியால் குத்தி இறுக்கினார். பொந்து எதுவும் மிஞ்சவில்லை. மொத்த உயரம் இரண்டடியைத் தாண்டக் கூடாது என்றும் அவர்தான் சொன்னார். சிமெண்ட் இல்லாமல் அதற்கு மேல் போனால் மழையில் இறங்கும்.

மண் கலவை: செம்மண் இரண்டு பங்கு, கரடுமுரடான மணல் இரண்டு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு. கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் என்றால் கழுவிப் போடுங்கள். அதிலுள்ள தூசு ஈரத்தில் சேர்ந்து மேலே ஓடு மாதிரி இறுகிவிடும், தண்ணீர் உள்ளே போகாது.

செடிகளில் பாதி காசு கொடுத்து வாங்கவே இல்லை. சோற்றுக்கற்றாழையும் ரணகள்ளியும் தெருவிலேயே கிடைத்தன. பிரண்டை என் மாமியார் கிருஷ்ணகிரியிலிருந்து கொண்டுவந்தது. மேல் கல்லின் இடுக்கில் ஊன்றினோம், அது பாட்டுக்குப் படர்கிறது. துவையலுக்கு வெட்ட வெட்டத்தான் கட்டுக்குள் இருக்கும். அடேனியமும் ஜேடும் மழை லில்லிக் கிழங்கும் லால்பாக்கை ஒட்டிய சித்தாபுரா நர்சரிகளில் வாங்கினோம். நர்சரிச் செடி தேங்காய் நார்த்தூளில் வரும், அது தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வேரிலிருந்து அதை உதறிவிட்டு நட வேண்டும். விளிம்பில் டேபிள் ரோஸும் நித்தியகல்யாணியும். குளிர்காலத்தில் வெயில் வராத வீட்டுப் பக்கம் ஸ்னேக் பிளான்ட் மட்டும். குழந்தை இருக்கிறாள் என்பதால் முள் நுனி கொண்ட பெரிய அகேவ் வைக்கவில்லை. அடேனியத்தின் பால் விஷம், அதனால் அவள் கைக்கு எட்டாத பின்வரிசையில் வைத்தோம். நட்ட பிறகு மண் தெரியாமல் கழுவிய சிறு ஜல்லியை இரண்டு அங்குலத்துக்குப் பரப்பினோம். களை விதை முளைக்காமல் இருக்க, வெயிலில் ஈரம் போகாமல் இருக்க, மழையில் மண் தெறிக்காமல் இருக்க எல்லாவற்றுக்கும் இந்த ஒரு ஜல்லிதான். கல், மண், கூலி, செடி எல்லாம் சேர்த்து 12,000 ரூபாய்க்குள் முடிந்தது.

இந்த ஊரில் கல் தோட்டத்துக்கு வெயில் சோதனையே இல்லை. செப்டம்பர், அக்டோபர் மழைதான் சோதனை. பெங்களூரில் அதிகம் மழை கொட்டுவது அந்த மாதங்களில்தான். ராத்திரி கொட்டித் தீர்த்த ஒரு மழைக்கு மறுநாள் காலையில் போய்ப் பார்த்தேன். முற்றத்தில் கணுக்கால் அளவு தண்ணீர், கல் மேட்டில் ஒரு சொட்டுத் தேக்கமில்லை. ஜல்லியை விலக்கி விரலை விட்டுப் பார்த்தால் உள்ளே ஈரம் மட்டும், சேறு இல்லை. இரண்டு கற்களின் மேல் குழியில் மட்டும் தண்ணீர் நின்றிருந்தது. குழியில் மணலைப் போட்டு டேபிள் ரோஸ் தண்டு ஒன்றைச் செருகிவிட்டோம். ஒரு வாரம் தண்ணீர் நின்றால் டெங்கு கொசு அதில் பொரித்துவிடும், சின்னக் குழியென்று விடாதீர்கள்.

இப்போது வேலை என்றால் முதல் மழைக்குப் பிறகு தலைகாட்டும் களையைப் பிடுங்குவது, இடுக்கில் விழுந்த இலைச்சருகை எடுப்பது. பிப்ரவரியிலிருந்து மே வரை பத்து நாளைக்கு ஒருமுறை அரிசி, காய் கழுவின தண்ணீரை வேரில் ஊற்றுகிறோம். மற்ற மாதங்களில் அதுவும் இல்லை. ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளுகிற தண்ணீரை ஊற்றுவதில்லை, அதில் உப்பு அதிகம்.

ஆன்ட்டி வந்து பார்த்துவிட்டு, அக்ரிமெண்ட் புதுப்பிக்கும்போது அவராகவே ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: காலி செய்தால் கற்கள் வீட்டோடு இருக்கட்டும், செடிகளை நாங்கள் எடுத்துக்கொள்ளலாம். எங்களுக்கும் அதுதான் வசதி.

அக்கம்பக்கத்தில் தண்டு கேட்டு வருகிறார்கள். கொடுக்கும்போது எல்லோருக்கும் ஒன்றைத்தான் சொல்கிறேன். ஜேடோ பிரண்டையோ, வெட்டிய தண்டை உடனே ஊன்றாதீர்கள். நிழலில் நாலைந்து நாள் போட்டு, வெட்டுவாய் காய்ந்து மூடிய பிறகு ஊன்றுங்கள், அதற்குப் பிறகும் ஒரு வாரம் தண்ணீர் காட்டாதீர்கள். ஈர வெட்டோடு ஊன்றினால் அழுகிவிடும், காய்ந்த தண்டு தானே வேர் பிடிக்கும்.