கடித்துப் பார்த்து வாங்கிய மக்காச்சோளம்

எங்கள் அப்பா மக்காச்சோளத்தை ஒரு மணி எடுத்துக் கடவாய்ப்பல்லில் வைத்துக் கடிப்பார். 'டக்'கென்று உடைந்தால் எடுத்துக்கொள்வார், பல்லில் அமுங்கினால் வேண்டாம். நானும் அப்படித்தான் வாங்கிக்கொண்டிருந்தேன், இரண்டு வருஷத்துக்கு முந்திய ஐப்பசி வரைக்கும்.

உடுமலை, பல்லடம் பக்கம் பெரும்பாலும் ஒப்பந்தக் கோழிப் பண்ணைகள்தான். குஞ்சும் தீவனமும் கம்பெனி தந்துவிடும், நமக்கு வளர்ப்புக் கூலி. நான் சொந்தமாகக் குஞ்சு எடுத்து சொந்தமாகத் தீவனம் அரைக்கிற சின்னக் கூட்டம், அதனால் தப்பு நடந்தால் கைகாட்ட ஆள் கிடையாது. அந்த ஐப்பசியில் கர்நாடகாவிலிருந்து புதுச் சோளம் வந்தது. விலை கொஞ்சம் குறைவு. மூட்டைக்குள் கையை விட்டபோது லேசாக வெதுவெதுப்பு தெரிந்தது, அதை நான் கவனிக்காமல் இல்லை. "மழைக்குத் தார்ப்பாய் மூடி வந்ததுங்க, ஒரு நாள் வெயில் காட்டினா சரியாப் போயிரும்ங்க" என்றார் வியாபாரி. அந்த ஒரு நாள் வெயில் வரவே இல்லை. பத்து நாள் அடைமழை.

மூன்றாவது வாரத்தில்தான் தெரிந்தது. ஒரே நாளில் இறக்கிய குஞ்சுகளா இவை என்று சந்தேகம் வருகிற அளவுக்குச் சின்னதும் பெரிசுமாக நிற்கின்றன. காலில் மஞ்சள் வெளுத்துவிட்டது, எச்சத்தில் செரிக்காத தீவனம் அப்படியே கிடக்கிறது, தடுப்பு மருந்தெல்லாம் நாள் தவறாமல் கொடுத்தும் கொட்டகை முழுக்கச் சளிச் சத்தம். சளிக்கு மருந்து, ஈரலுக்கு டானிக் என்று நான் பாட்டுக்குத் தண்ணீரில் கலக்கிக்கொண்டிருந்தேன். டாக்டர் வந்து செத்த கோழி ஒன்றை அறுத்துக் காட்டினார். ஈரல் கருஞ்சிவப்பாக இருக்க வேண்டும், அது மஞ்சள் பூசினமாதிரி வீங்கிக் கிடந்தது, விரலால் அழுத்தினால் பொலபொலவென்று உடைந்தது. தொடையில் தோலுக்கடியில் அங்கங்கே ரத்தக் கட்டு. "சளி அப்புறம், சோளத்தைக் காட்டுங்க" என்றார்.

சோளத்தில் பார்க்கிறமாதிரி எதுவுமே இல்லை என்பதுதான் கொடுமை. பச்சையாகப் பூஞ்சணம் பூத்திருந்தால் நானே தூக்கி எறிந்திருப்பேன். பூஞ்சணம் வளர்ந்து, நஞ்சைக் கக்கிவிட்டு, காய்ந்து செத்தும் போயிருக்கலாம், ஆனால் அஃப்ளாடாக்சின் என்கிற அந்த நஞ்சு மணிக்குள்ளேயே நிற்கும். தீவன மில்லின் சூட்டுக்கும் அது அழியாது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேல் வான்கோழிகள் செத்தபோது நோய் என்னவென்றே தெரியாமல் தவித்திருக்கிறார்கள், கடைசியில் பார்த்தால் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கு. அதற்குப் பிறகுதான் இந்த நஞ்சுக்கு ஒரு பெயரே வந்தது.

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவன ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பினேன். கோழித் தீவனத்தில் அஃப்ளாடாக்சினில் பி1 என்கிற வகை 20 பிபிபிக்கு (நூறு கோடிப் பங்கில் 20 பங்கு) மேல் போகக்கூடாது, என் சோளத்தில் மட்டும் அதைப்போல மூன்று மடங்கு. இதிலும் முதலில் ஒரு முட்டாள்தனம் செய்யப் பார்த்தேன்: மேலாக இருந்த ஒரு மூட்டையில் இரண்டு கை அள்ளிப் பையில் போட்டேன். டாக்டர் திட்டினார். நஞ்சு எல்லா மணியிலும் சமமாக இருக்காது, நனைந்த ஒரு மூலையில் மட்டும் குவிந்திருக்கும், குத்தூசியால் பல மூட்டைகளில் மேலும் நடுவும் அடியுமாகக் குத்தி எடுத்து, ஒன்றாகக் கலந்து, அதிலிருந்து ஒரு கிலோ அனுப்பினால்தான் அந்தக் காகிதத்துக்கு மதிப்பு.

எல்லோரும் கேட்பது, 'டாக்சின் பைண்டர் போடலையா?' என்று, அதாவது நஞ்சைப் பிடித்து வைக்கத் தீவனத்தில் கலக்கிற பொருள். போட்டேன். டன்னுக்கு ஒரு கிலோ, கடையில் எது விலை குறைவோ அது. பெண்டோனைட் மாதிரிக் களிமண் வகைகள் குடலில் அஃப்ளாடாக்சினை நன்றாகவே பிடித்து வைக்கும், பொய் இல்லை. ஆனால் வேறு பூஞ்சண நஞ்சுகளான, வாயில் வெள்ளையாகப் புண் வரவைக்கிற டி-2வையும், சிறுநீரகத்தை வீங்க வைக்கிற ஓக்ராடாக்சினையும் அது பெரிதாகப் பிடிக்காது. பூஞ்சணத் தடுப்புக்குப் போடுகிற புரோபியானிக் அமிலம் இனிமேல் வளர்வதைத்தான் நிறுத்தும், ஏற்கெனவே ஊறிய நஞ்சை ஒன்றும் செய்யாது. இரண்டையும் ஒரே சாமான் என்று நினைத்து வாங்குகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், நானே அப்படித்தான் இருந்தேன். ஈரச் சோளத்தை வாங்கிவிட்டுப் பைண்டரை நம்புவது ஓட்டை வாளியில் தண்ணீர் இறைக்கிற கதை.

இப்போது ஈரப்பதமானி வைத்திருக்கிறேன். 12 சதவீதத்துக்கு மேல் காட்டினால் இறக்க விடுவதில்லை, வியாபாரி முகம் சுளித்தாலும் சரி. அரைப்பதற்கு முன் கட்டாயம் சலிக்கிறேன், நஞ்சு அதிகம் உட்காருவது உடைந்த மணியிலும் தூசியிலும்தான், சலித்துப் போவதை நஷ்டமாக நினைக்காதீர்கள். மூட்டைகள் மரச்சட்டத்தின் மேல், சுவரைவிட்டு ஒரு முழம் தள்ளி. மழைக்காலத்தில் ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரைக்கிறேன். அப்புறம், யாரும் பார்க்காத இடம் ஒன்று: தீவனத் தட்டின் அடி. மேலே மேலே கொட்டிக்கொண்டே இருந்தால் அடியில் ஈரம் பட்டுக் கட்டியாகிவிடும், குஞ்சுகள் அதைத்தான் கொத்திக்கொண்டிருக்கும். வாரம் ஒருமுறை எல்லாத் தட்டையும் கவிழ்த்துச் சுரண்டிக் காயவைக்கிறோம். சலிப்பான வேலை, என் மனைவிக்கும் எனக்கும் சண்டை வருவதே அதில்தான்.

மீதி இருந்த பதினாலு மூட்டையைப் பக்கத்துத் தோட்டத்து மாமா மாட்டுக்குக் கேட்டார், பாதி விலை தருகிறேன் என்றார். கை நீட்டிவிட்டேன். டாக்டரிடம் பேச்சுவாக்கில் சொன்னபோதுதான் அவர், மாடு தின்றால் அந்த நஞ்சு எம்1 என்கிற இன்னொரு நஞ்சாக மாறிப் பாலில் வரும், அந்தப் பாலை யார் குடிப்பது என்று கேட்டார். அந்த வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள். பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எல்லாவற்றையும் எருக்குழியில் கொட்டி மண்ணைத் தள்ளினேன். நல்ல சோளத்தை மண்ணில் போட்டுவிட்டானே என்று மாமா இன்னும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.