பாஸ்பேட் ஜீரோ, பாறை முழுக்கப் பச்சை

வீடுகளில் இருக்கும் கடல்நீர் மீன்தொட்டிகளைப் பராமரித்துக் கொடுப்பது என் வேலை. வருகிற அழைப்புகளில் பெரும்பாலானவை பாசியைப் பற்றித்தான். மீனுக்கு நோய் என்றால்கூட நிதானமாகப் பேசுகிறவர்கள், பவளத்தின் மேல் நூல்பாசி ஏறிவிட்டால் பதறிப்போகிறார்கள். பதறுவதில் தப்பே இல்லை. பாசி உரசிக்கொண்டே இருந்தால் பாலிப்கள், அதாவது பவளத்தின் சின்னச் சின்ன உயிர்கள், விரியாது, வெளிச்சமும் சரியாகக் கிடைக்காது, பவளம் அடியிலிருந்தே நலிய ஆரம்பிக்கும்.

எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான். "சார், டெஸ்ட் பண்ணிப் பார்த்துட்டேன். நைட்ரேட், பாஸ்பேட் ரெண்டும் ஜீரோ. அப்புறம் எப்படிப் பாசி வருது?"

நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பாசிக்கு உணவு. தண்ணீரில் மிச்சம் இருப்பதைத்தான் டெஸ்ட் கிட் காட்டும். பாசி உறிஞ்சிக்கொண்டது அதில் தெரியாது. பாறை முழுக்கப் பச்சை மண்டியிருக்கும் தொட்டியில் ஜீரோ வந்தால், வருகிற பாஸ்பேட்டை எல்லாம் பாசி உடனுக்குடன் தின்றுவிடுகிறது என்று அர்த்தம். பாறைக்கும் இதில் பங்கு உண்டு. அது கால்சியம் கார்பனேட். தண்ணீரில் பாஸ்பேட் அதிகமாக இருந்த காலத்தில் தன் மேல் பிடித்து வைத்துக்கொண்டு, தண்ணீர் சுத்தமான பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விடும். தண்ணீரைச் சரிசெய்த பிறகும் பாறையில் மட்டும் பாசி அடங்காமல் இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அதனால் நான் முதலில் நம்புவது கையைத்தான். பாசியைப் பிடுங்கி வெளியே எடுக்கும்போது, அது தின்ற பாஸ்பேட்டும் சேர்ந்து வெளியே போகிறது. பாறையைத் தூக்க முடிந்தால், தொட்டித் தண்ணீரையே வாளியில் எடுத்து அதில் வைத்துத் தேய்ப்பேன். முடியாவிட்டால் பம்புகளை நிறுத்திவிட்டு, சின்ன சைஃபன் குழாயின் வாயில் டூத்பிரஷ்ஷைக் கட்டிக்கொள்வேன். தேய்க்கத் தேய்க்க, பிய்ந்த இழைகள் குழாய்க்குள் போய்விடும். பம்பு ஓடும்போது தேய்த்தால் அந்தத் துணுக்குகள் தொட்டி முழுக்கப் பரவி, புது இடங்களில் ஒட்டிக்கொள்ளும். குமிழ்ப்பாசி என்றால் உடைக்காமல் நகத்தால் அடியோடு நெம்பி எடுக்க வேண்டும்.

இப்படிச் சில வாரம் செய்தால், பாசி குறையக் குறைய கிட்டில் பாஸ்பேட் தலைகாட்டும். வீட்டுக்காரர் பயந்து போன் செய்வார். உண்மையில் அது நல்ல சேதி. தின்பதற்கு ஆள் குறைந்துவிட்டதைத்தான் அந்த எண் சொல்கிறது.

உடனே அதை ஜீரோவுக்கு இறக்கப் பார்ப்பதுதான் எனக்குக் கவலை தருகிற விஷயம். பாஸ்பேட் உறிஞ்சும் இரும்பு ஆக்சைடு குருணையை அளவில்லாமல் போட்டு மொத்தத்தையும் வழித்து எடுத்துவிட்டால், அந்த வெற்றிடத்தில் டைனோஃப்ளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர் வரலாம். பழுப்பு நிறச் சளி போல நூல் நூலாகத் தொங்கும், நுனியில் காற்றுக்குமிழ் நிற்கும், விளக்கு அணைந்தபின் பெருமளவு காணாமல் போகும். சில வகைகளுக்கு நச்சுத்தன்மை உண்டு, அவற்றைத் தின்னும் நத்தைகள் செத்துப்போகும். நூல்பாசியைவிட இதை ஒழிப்பது பல மடங்கு கஷ்டம். அதனால்தான் நைட்ரேட் 5 முதல் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பிபிஎம் வரை இருக்கட்டும் என்கிறேன். பவளத்துக்கும் அது கொஞ்சம் வேண்டும்.

புதுத் தொட்டியில் மணல்மேல் படியும் பழுப்புத் தூள் டயட்டம் என்ற நுண்பாசி. அதற்கு வேண்டிய சிலிக்கேட் தீர்ந்ததும் பெரும்பாலும் தானாகவே போய்விடும், விட்டுவிடலாம். சிவப்பாகப் பாய்போல உரிந்து வருவது பாசியே இல்லை, சயனோபாக்டீரியா. நீரோட்டம் மந்தமான மூலைகளில்தான் அதிகம் படரும். உறிஞ்சி எடுத்துவிட்டு, பம்பின் முகத்தைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பி வைத்தால் பல இடங்களில் அதுவே போதுமானதாக இருந்திருக்கிறது.

பாசி கொல்லி மருந்துகளில் எனக்கு விருப்பம் குறைவு. செத்த பாசி தொட்டிக்குள்ளேயே அழுகினால் பாஸ்பேட் திரும்பத் தண்ணீருக்கே வரும், ஆக்சிஜனும் குறையும். பெரணி இலைபோல் கிளைவிடும் பிரையோப்சிஸுக்கு மட்டும், கையால் தீராதபோது, ஃப்ளூகோனசோல் போடுவேன். மனிதர்களுக்குப் பூஞ்சைத் தொற்றுக்குக் கொடுக்கும் அதே மருந்துதான்.

பாசி தின்னும் நத்தைகளில் ட்ரோக்கஸ் எனக்குப் பிடித்தது. கவிழ்ந்தாலும் தானே நிமிர்ந்துகொள்ளும். அஸ்ட்ரேயா நத்தையால் அது முடியாது, மணலில் மல்லாந்து கிடந்து செத்துவிடும். பாசி தின்னட்டும் என்று சின்னத் தொட்டியில் டாங் மீனை விடுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. அது நீந்த இடம் வேண்டிய மீன்.

இதெல்லாம் சரி, உள்ளே போவது குறையாவிட்டால் பயனில்லை. தொட்டிக்கு எடுக்கும் ஆர்ஓ-டிஐ தண்ணீரின் டிடிஎஸ், அதாவது அதில் கரைந்திருக்கும் பொருள்களின் அளவு, ஜீரோவா என்று பார்ப்பேன். உறைந்த உணவை வடிகட்டியில் அலசச் சொல்வேன், அந்தக் கலங்கல் நீரில் பாஸ்பேட் இருக்கும். அப்புறம் வீட்டில் யார் யார் உணவு போடுகிறார்கள் என்று விசாரிப்பேன். காலையில் அம்மா, பள்ளிவிட்டு வந்ததும் பிள்ளை, இரவில் அப்பா, மூவரும் ஆசையாகப் போட்டிருப்பார்கள். ஒரு சின்ன டப்பாவில் அன்றைய உணவை மட்டும் அளந்து வைக்கச் சொல்வேன். யார் வேண்டுமானாலும் போடட்டும். டப்பா காலியானால் அன்றைக்கு அவ்வளவுதான்.